மேடிசன் விசைப்படகுப் போட்டியும் ஓஹையோ ஆற்றுப் போக்குவரத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ஓஹையோ ஆற்றின் வடகரையில், மேடிசன் என்று ஓர் ஊர் இருக்கிறது. மக்கள்தொகை 12,000 சொச்சம். ஜூலை 4 விடுமுறையை ஒட்டி இங்கே ஹைட்ரோபிளேன் என்ற அதிவேக விசைப்படகுகளின் போட்டி நடக்கும். அந்த நாட்களில் ஆற்றில் மற்ற படகுகள் நினைத்தபடி போய்வர முடியாது. யூடியூபில் போட்டியைப் பார்த்த நண்பர்கள் கேட்ட கேள்விகளில் பாதி படகைப் பற்றி, மீதி "அவ்வளவு பெரிய ஆற்றை எப்படி நிறுத்துகிறார்கள்?" என்பதைப் பற்றி. இந்தப் பக்கம் பெரும்பாலும் இரண்டாவது பாதிக்கானது.

முதலில் படகைச் சொல்லுங்கள். அது என்ன ஹைட்ரோபிளேன்?

ஏறக்குறைய 30 அடி நீளம், மூன்று டன் எடை. உள்ளே இருப்பது சினூக் ராணுவ ஹெலிகாப்டரில் வரும் லைக்கமிங் டி-55 டர்பைன் இஞ்சின். நேர்ப்பகுதியில் மணிக்கு 200 மைல், அதாவது 320 கிலோமீட்டர் தொடும்.

படகு என்று பேருக்குச் சொல்கிறோமே தவிர, வேகம் பிடித்த பிறகு தண்ணீரில் அது இருப்பது கொஞ்சம்தான். முன்பக்கம் இரு ஓரத்திலும் ஸ்பான்சன் என்ற பாகங்கள் உண்டு. அவற்றின் அடிநுனியும், பின்னால் ப்ரொப்பெல்லரில் பாதியும் மட்டும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். மற்றதெல்லாம் காற்றில். மூக்கு மேலே எழும்பிவிடாமல் இருக்க முன்னால் ஒரு சிறு இறக்கை வைத்திருக்கிறார்கள்; ஓட்டுநர் அதைக் காலால் மிதித்துச் சரிசெய்துகொண்டே போவார். பின்னால் பல மாடி உயரத்துக்கு எழும் நீர்த்தாரையை அங்கே சேவல் வால் என்கிறார்கள். பார்த்தால் பொருத்தமான பெயர்தான்.

பிரேக் கிடையாது. ரிவர்ஸும் கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மற்ற படகுகள் குறுக்கே வந்து மோதிவிடும் என்றுதான் ஆற்றை நிறுத்துகிறார்களா?

மோதல் பயமும் உண்டு, ஆனால் அது இரண்டாவது. முதல் பயம் அலை.

சாதாரண மீன்பிடிப் படகு ஒன்று தடத்தின் ஓரமாகக் கொஞ்சம் வேகமாகப் போய்விட்டது என்று வையுங்கள். படகு போய்விடும், அது கிளப்பிய அலை போகாது. கரையில் மோதித் திரும்பி வரும், எதிரே வரும் அலையோடு குறுக்காகக் கலக்கும், அப்புறம் ரொம்ப நேரத்துக்குத் தண்ணீர் தளும்பிக்கொண்டே இருக்கும். ஓர் அடி அலை உங்களுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. ஆனால் 200 மைல் வேகம் என்பது வினாடிக்கு ஏறக்குறைய 90 மீட்டர். அந்த வேகத்தில் ஓர் அடி அலை என்றால், ஈ.சி.ஆர். சாலையில் முழு வேகத்தில் வரும் கார், வெள்ளைக் கோடு கூடப் போடாத ஸ்பீடு பிரேக்கரில் ஏறுவது மாதிரி. கார் திரும்பக் கீழே விழுந்துவிடும். ஹைட்ரோபிளேன் விழாது, மூக்கு தூக்கியதும் அடியில் காற்று புகுந்து, படகு பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கும். இதை அவர்கள் ப்ளோஓவர் என்கிறார்கள். அந்தக் காலத்தில் மிக அதிகப் போட்டிகளை வென்றிருந்த பில் மன்சி, 1981-இல் மெக்ஸிகோவின் அகபுல்கோவில் இறந்தது இப்படித்தான்.

ஆகவே போட்டி நடத்துபவருக்குத் தேவை வெறும் காலி ஆறு இல்லை, அடங்கிய ஆறு. காலி பண்ணுவதற்கு ஒரு ரோந்துப் படகும் ஒரு ஊதலும் போதும். அடங்குவதற்கு நேரம்தான் வேண்டும். வேறு வழி கிடையாது.

ஓஹையோவில் அப்படி என்ன போக்குவரத்து? சுற்றுலாப் படகுகளா?

அவையும் உண்டு. ஆனால் தலைவலி அவை இல்லை, பார்ஜ்கள் என்ற தட்டையான சரக்குப் படகுகள்.

ஓஹையோ ஆறு பிட்ஸ்பர்க்கில் தொடங்கி இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோவில் மிஸிஸிப்பியில் கலக்கும்வரை 981 மைல். மைல் கணக்கு பிட்ஸ்பர்க்கிலிருந்து ஆரம்பிக்கும். மேடிசன் 557-ஆம் மைல் பக்கம். இந்த நீளம் முழுக்க அணைகளும் லாக்குகளும் கட்டி, கப்பல் தடத்தில் குறைந்தது 9 அடி ஆழம் இருக்கும்படி வைத்திருக்கிறார்கள். லாக் என்றால் படகை ஒரு தொட்டிக்குள் விட்டு, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்பும் அமைப்பு. நிலக்கரி, மணல், ஜல்லி, உப்பு, தானியம், எண்ணெய் எல்லாம் இந்த வழியாகப் போகும்.

ஒரு பார்ஜ் 195 அடி நீளம், 35 அடி அகலம். அதில் சுமார் 1,500 டன் ஏற்றலாம். இப்படி பதினைந்து பார்ஜ்களை, வரிசைக்கு மூன்றாக ஐந்து வரிசை, இரும்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரே பலகை மாதிரி ஆக்கிவிடுவார்கள். பின்னாலிருந்து ஒரே ஒரு படகு அதைத் தள்ளும். இழுப்பது இல்லை, தள்ளுவது. ஆனால் அந்தப் படகை டோபோட், அதாவது இழுவைப் படகு, என்றுதான் சொல்கிறார்கள். மொத்தம் ஆயிரம் அடிக்கு மேல் நீளம், 105 அடி அகலம், 22,500 டன் சரக்கு. லாரிக்கு 25 டன் என்று போட்டால் 900 லாரி.

இது நிற்க வேண்டும் என்று முடிவு செய்தால், நின்று முடிக்க ஒரு மைல் ஆகும். நீரோட்டத்தோடு இறங்கி வந்தால் இன்னும் கூட ஆகலாம். மேலே உட்கார்ந்து ஓட்டும் பைலட்டுக்கு, முன்வரிசை பார்ஜின் மூக்குக்கு முன்னால் நூற்றுக்கணக்கான அடிக்குத் தண்ணீரே தெரியாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு பக்கம் பிரேக் இல்லாத மூன்று டன், வினாடிக்கு 90 மீட்டர் வேகத்தில். இன்னொரு பக்கம் பிரேக் இல்லாத இருபத்திரண்டாயிரம் டன், சைக்கிள் வேகத்தில். இரண்டையும் ஒரே வளைவில் ஒரே நேரத்தில் விட முடியாது. ஆற்றுக்கட்டுப்பாடு என்ற முழு ஏற்பாடும் இந்த ஒரு வரியிலிருந்து வந்ததுதான்.

ஆறு அகலமாக இருக்குமே, ஓர் ஓரமாகப் போகச் சொல்ல முடியாதா?

மேடிசனையும் எதிர்க்கரையில் கென்டக்கியின் மில்டனையும் இணைக்கும் பாலத்தின் இரும்புச் சட்டகம் சுமார் 2,400 அடி. ஆற்றின் அகலத்தை அதை வைத்தே ஊகித்துக்கொள்ளலாம். போட்டித் தடமோ ஒரு சுற்றுக்கு 2.5 மைல் நீள்வட்டம். போகும் நேர்ப்பகுதி, வரும் நேர்ப்பகுதி, நடுவில் திரும்ப இடம் என்று அதுவே அகலத்தில் பெரும்பங்கைச் சாப்பிட்டுவிடும். மீதி ஓரத்தில் பார்ஜுக்கு ஆழமும் போதாது. அப்படியே ஓரமாகப் போனாலும் முன்னே சொன்ன அலை இருக்கிறதே.

(இந்தப் பாலமே ஒரு தனிக் கதை. 2014 ஏப்ரலில் புதிய சட்டகம் முழுவதையும் பக்கவாட்டில் 55 அடி நகர்த்திப் பழைய தூண்களின் மேல் உட்கார வைத்தார்கள். இங்கே அதற்கு இடமில்லை.)

அப்படியானால் போட்டி நாள் முழுக்க ஆறு மூடிக்கிடக்குமா?

இல்லை. இதைத்தான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆற்றைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவது இல்லை இது. நேரம் பிரித்துக் கொடுப்பது. இந்த மணியிலிருந்து இந்த மணிவரை போட்டிக்கு, இடைவேளையில் சரக்குக்கு, இரவு முழுக்கச் சரக்குக்கு என்று போகும். ரோந்து கமாண்டர் என்று ஒருவர் இருப்பார். கட்டுப்பாட்டு நேரத்துக்குள்ளேயே கூட, தண்ணீரில் பந்தயப் படகு இல்லாத சமயம் பார்த்து அவர் ஒரு பார்ஜ் வரிசையை அனுமதித்துக் கடத்திவிடலாம்.

இதில் பெரிய பங்கு முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான். மேடிசனுக்கு மேலே மார்க்லாண்ட் லாக், 531-ஆம் மைலில். கீழே லூயிவில்லில் மக்ஆல்பைன் லாக், 607-ஆம் மைல் பக்கம். மார்க்லாண்டை விட்டு இறங்கும் பார்ஜ் வரிசை மணிக்கு 8 மைல் என்று வந்தால் மேடிசனுக்கு மூன்றேகால் மணி நேரம். காலை ஒன்பதுக்கு லாக்கை விட்டால் பகல் பன்னிரண்டேகாலுக்கு, அதாவது சரியாகக் கூட்டம் நிரம்பி வழியும் நேரத்துக்கு, வந்து நிற்கும். நிற்கும் என்றா சொன்னேன்? அதுதான் நிற்காதே. ஆகவே கேப்டன் காலையிலேயே முடிவெடுக்க வேண்டும்: வேகத்தைக் குறைத்து வருவதா, மேலேயே எங்காவது ஒதுங்குவதா.

பார்ஜ் வரிசை எப்படி ஒதுங்கும்? நங்கூரம் போடுமா?

பெரும்பாலும் இல்லை. கரை சரிவாக, மண்ணாக இருக்கும் இடம் பார்த்து, முன்வரிசை பார்ஜின் மூக்கை மெல்லக் கரையில் பதித்துவிடுவார்கள். பின்னால் இஞ்சின் லேசாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். மாடு கொம்பை மரத்தில் முட்டுக்கொடுத்து நிற்குமே, அந்த மாதிரி. முன்னால் ஒரு டெக் ஆள் லைஃப் ஜாக்கெட்டோடு, வாக்கிடாக்கியில் "இருபது அடி, பத்து அடி" என்று பைலட்டுக்குத் தூரம் சொல்லிக்கொண்டிருப்பார். பைலட்டுக்கு அந்த இடம் தெரியாது, அவருடைய கண்ணே இவர்தான். பதிந்தபின் தேவைப்பட்டால் கரையில் ஒரு பெரிய மரத்தில் கயிறு கட்டுவதும் உண்டு.

ஆற்றோட்டத்தை எதிர்த்து ஏறி வருபவர்களுக்கு இது சுலபம். ஓட்டமே வேகத்தைக் குறைத்துத் தரும். இறங்கி வருபவர்களுக்குத்தான் கஷ்டம். உள்நாட்டு நீர்வழி விதிகளும் இதனால்தான் ஓட்டத்தோடு இறங்கும் படகுக்கு வழி உரிமை தருகின்றன. ஏறுபவர் விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஒரு பந்தயம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறதே. அதற்கு ஏன் மணிக்கணக்கில் கட்டுப்பாடு?

நல்ல கேள்வி. கணக்கும் சரி. மூன்று சுற்று என்றால் ஏழரை மைல். சராசரி 140 மைல் வேகத்தில் மூன்று நிமிடம் சொச்சம். ஆனால் கல்யாணத்தில் தாலி கட்டுவதும் ஒரு நிமிடம்தான்.

படகுகள் கரையில் கிரேன் மூலம்தான் தண்ணீரில் இறங்கும். இறங்கியதும் கோட்டில் வரிசையாக நின்று கிளம்புவது இல்லை. நிற்கத் தெரியாத படகு எப்படி நின்று கிளம்பும்? கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லாம் தடத்தைச் சுற்றிக்கொண்டே இருந்து, முள் பூஜ்யத்தைத் தொடும் நொடியில் முழு வேகத்தில் கோட்டைக் கடக்க வேண்டும். முந்தினால் தண்டனை. பந்தயம் முடிந்தபின் இஞ்சின் நின்றுபோன படகுகளைக் கயிறு கட்டி இழுத்து வர வேண்டும். உடைந்து விழுந்த துண்டுகளைப் பொறுக்க வேண்டும். தண்ணீர் அடங்கக் காத்திருக்க வேண்டும். அப்புறம் அடுத்த பந்தயம்; ஒவ்வொன்றையும் ஹீட் என்பார்கள். இடையில் சிறிய வகைப் படகுகளின் பந்தயங்களும் இருக்கும்.

இரண்டு ஹீட்டுக்கு நடுவில் ஒரு பார்ஜ் வரிசையை விட்டால் என்ன என்று தோன்றும். விடலாம்தான். ஆனால் டோபோட்டின் ப்ரொப்பெல்லர்கள் கலக்கிய தண்ணீர் அடங்கும்வரை யாரும் ஓட்ட முடியாது. அதனால் ஒவ்வொன்றாக விடுவதைவிட, காத்திருப்பதைச் சேர்த்து ஒரு நீண்ட இடைவெளியில் அனுப்புவதே புத்திசாலித்தனம்.

ஆற்றை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? மேயரா, மாநில அரசா?

இருவரும் இல்லை. அமெரிக்கக் கடலோரக் காவல் படை. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் கடலோரக் காவல் படைக்கு என்ன வேலை என்று சிரிப்பார்கள். கப்பல் போகக்கூடிய எல்லா நீர்வழியும் மத்திய அரசின் பார்வையில் நாட்டு வணிகத்துக்கான பொதுப்பாதை. அதை ஓர் ஊரோ மாநிலமோ தன் திருவிழாவுக்காக அடைக்க முடியாது. படகுப் போட்டிகளின்போது உயிர்ப்பாதுகாப்புக்காக விதி போடும் அதிகாரம் 1908-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே மத்திய அரசிடம் இருக்கிறது.

மாநில அரசு என்று சொன்னால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கென்டக்கியின் வட எல்லை 1792-இல் தண்ணீர் குறைந்திருந்தபோது வடகரை எங்கே இருந்ததோ அந்தக் கோடு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-இல் ஓஹையோ, கென்டக்கி மாநிலங்களின் வழக்கில் சொல்லிவிட்டது. இண்டியானா பக்கமும் அதே கதைதான். ஆக, இண்டியானா கவர்னர் கோப்பைக்கான பந்தயம் பெரும்பகுதி ஓடுவது கென்டக்கியின் தண்ணீரில். இரண்டு மாநிலத்துப் போலீஸ் படகுகளும் ரோந்தில் சேர்ந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். கூடவே கடலோரக் காவல் படையின் தன்னார்வத் துணைப் பிரிவும் இருக்கும்.

"ஸ்பெஷல் லோக்கல் ரெகுலேஷன்", "சேஃப்டி ஸோன்" என்று இரண்டு பெயர் கேள்விப்படுகிறேன். இரண்டும் ஒன்றா?

பார்வையாளருக்கு ஒன்றுதான். காகிதத்தில் வேறு. முதலாவது போட்டி, அணிவகுப்பு போன்ற நிகழ்ச்சிகளுக்காகவே இருப்பது. போட்டிப் பகுதி, அதைச் சுற்றிய இடைவெளி, பார்வையாளர் படகுகள் நிற்கும் பகுதி என்று உள்ளே பிரித்து விதி சொல்லலாம். இரண்டாவது எந்த ஆபத்துக்கும் போடலாம்: மூழ்கிய பார்ஜ், பாலம் கட்டும் வேலை, வாணவேடிக்கை. ஜூலை 4 இரவு வாணவேடிக்கைக்கும் பகல் பந்தயத்துக்கும் ஒரே ஊரில் இரண்டு தனித்தனி அறிவிப்பு வந்தால் குழம்ப வேண்டாம்.

போட்டி நடத்துபவர் எவ்வளவு முன்பாகக் கேட்க வேண்டும்?

புதிய நிகழ்ச்சி என்றால் 135 நாளுக்கு முன். ஆண்டுதோறும் அதே மாதிரி நடப்பது என்றால் 60 நாள் போதும். மேடிசன் போன்ற பழைய போட்டிகள் விதித்தொகுப்பிலேயே ஓர் அட்டவணையில் ஏறிவிட்டன. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விதி எழுதி, பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு என்று போக வேண்டியதில்லை. இந்த ஆண்டு இந்தத் தேதியில் அமல் என்று அறிவித்தால் போதும். தேதியையோ இடத்தையோ மாற்றினால்தான் தொல்லை. அட்டவணையில் இல்லாத தேதிக்குத் தற்காலிக விதி தனியாக எழுத வேண்டும்.

என் அபிப்பிராயத்தில் இந்த 135 நாள் அதிகமில்லை. பார்ஜ் கம்பெனிகள், மின்நிலையங்கள், படகுத்துறைக்காரர்கள் எல்லோரும் தங்கள் அட்டவணையை மாற்ற அவகாசம் வேண்டும். மேடிசனிலேயே, ஊருக்குச் சற்றுக் கீழே, க்ளிஃப்டி க்ரீக் அனல்மின் நிலையம் இருக்கிறது. 1955-இலிருந்து ஓடுகிறது. அதன் நிலக்கரி வருவது பார்ஜில்.

ஆற்றில் போகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? பலகையா வைப்பார்கள்?

மூன்று நான்கு வழி. மத்திய அரசிதழில் அறிவிப்பு வரும். அதை நடைமுறையில் வக்கீல்கள்தான் படிப்பார்கள். மாலுமிகளுக்கான உள்ளூர் அறிவிப்பு என்று ஒரு வெளியீடு உண்டு. கம்பெனிகள் அதைப் பார்க்கும். போட்டி நாளில் வி.எச்.எஃப். ரேடியோவில் சேனல் 16-இல் அழைத்து, 22-ஏ-க்கு மாறச் சொல்லி விவரம் வாசிப்பார்கள். லாக் ஊழியர்களும் வாய்மொழியாகச் சொல்லிவிடுவார்கள். கடைசியில் சொன்னதுதான் அதிகம் வேலை செய்கிறது என்று எனக்குப் படுகிறது.

எனக்குச் சின்னப் படகு இருக்கிறது. பார்க்கப் போகலாமா?

போகலாம். ஆனால் தடத்துக்குள் இல்லை. போட்டியாளராகவோ ரோந்துப் படகாகவோ பதிவு செய்யாத எவரும் விதிப்படி பார்வையாளர்தான், உங்கள் சொந்தப் படகுத்துறை அந்தப் பகுதியிலேயே இருந்தாலும். ரோந்து கமாண்டர் சொல்லும் இடத்தில், அலை எழாத வேகத்தில் போய் நிற்க வேண்டும். குறுக்கே போயே ஆக வேண்டும் என்றால் சேனல் 16-இல் அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ரேடியோ இல்லாத கயாக், துடுப்புப் படகு வைத்திருப்பவர்கள் அருகில் உள்ள ரோந்துப் படகைக் கையசைத்துக் கேட்கலாம். உரக்கக் கேளுங்கள், டர்பைன் சத்தத்தில் காது அடைத்திருக்கும்.

ரோந்துப் படகிலிருந்து குட்டைக் குட்டையாக, விட்டுவிட்டு ஹாரன் அடித்தால் அது உங்களுக்கான சைகை: உடனே நில்லுங்கள். "எனக்கில்லை, பின்னால் இருப்பவருக்கு" என்று நினைக்காதீர்கள்.

மீறினால் என்ன ஆகும்?

முதலில் துரத்திவிடுவார்கள். பெரும்பாலும் அத்தோடு முடியும். சட்டத்தில் படகை நடத்துபவருக்கு 5,000 டாலர் வரை அபராதம் என்று எழுதியிருக்கிறது. பணவீக்கத்துக்கு ஏற்ப அந்தத் தொகை இப்போது அதைவிட மேலே போய்விட்டது. லைசென்ஸ் பெற்ற பைலட் என்றால் லைசென்ஸையே நிறுத்தி வைக்கலாம். அவருக்கு அபராதத்தைவிட அதுதான் அடி.

மழை பெய்து ஆறு பெருகினால்?

அதுதான் மேடிசனின் பழைய தலைவலி. வெள்ளமும் கட்டையும் பல தடவை இங்கே பந்தயத்தைக் கெடுத்திருக்கின்றன.

கரையிலிருந்து பார்த்தால் ஆறு சுத்தமாகத்தான் தெரியும். ரோந்துப் படகின் முன்முனையில் ஒருவர் மண்டியிட்டு, கொக்கிக்கம்பால் எதையோ துழாவிக்கொண்டிருப்பார். மேலே தெரிவது தேங்காய் மட்டை அளவு. கொக்கி மாட்டி இழுத்தால் வந்துகொண்டே இருக்கும், பத்தடி நீளக் கட்டை, ஊறி ஊறிக் கறுத்து, நுனியில் வேரும் மண்ணுமாக. படகுக்குள் ஏற்ற முடியாத கனம். கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துப் போவார்கள். ஊறிய கட்டை முக்கால்வாசி தண்ணீருக்குள்ளேயே மிதக்கும் என்பதால் வினாடிக்கு 90 மீட்டர் வேகத்தில் வருபவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. ஆற்றின் மேற்பகுதியில், பென்சில்வேனியாவிலோ மேற்கு வர்ஜீனியாவிலோ, போன வாரம் பெய்த மழைதான் இந்தக் கட்டையை இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கும். உள்ளூரில் வெயில் கொளுத்தும் நாளில் பந்தயத்தை ரத்து செய்தால் கூட்டம் கத்துவதற்குக் காரணம் இது.

பெருக்கு அதிகமானால் கணக்கு இன்னும் மாறும். ஓட்டம் கூடும், இறங்கும் பார்ஜ் நிற்க எடுக்கும் தூரமும் கூடும். அப்போது சரக்கைத் தடுத்து வைப்பதே ஆபத்து. இரண்டில் ஒன்று என்று வந்தால் நிற்க வேண்டியது பந்தயம்தான்.

ஓட்டுநருக்கு விபத்து நடந்தால்?

சிவப்புக் கொடி, எல்லாம் நிற்கும். முக்குளிக்கத் தெரிந்த மீட்பாளர்களோடு படகுகள் தடத்தின் திருப்பங்களில் தயாராக இருக்கும். 1980-களின் நடுவிலிருந்து ஓட்டுநர் எஃப்-16 போர்விமானக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காருகிறார், ஆக்ஸிஜனோடு. படகு கவிழ்ந்து கிடந்தால் வெளியேற அடிப்பக்கம் ஒரு கதவு உண்டு.

அதற்கு முன் திறந்த இருக்கைதான். 1966 ஜூன் 19 அன்று வாஷிங்டனில் போடோமாக் ஆற்றில் நடந்த போட்டியில் ஒரே நாளில் ரான் மஸன், ரெக்ஸ் மான்செஸ்டர், டான் வில்சன் என்று மூன்று ஓட்டுநர்கள் இறந்தார்கள். இந்த விளையாட்டில் இருப்பவர்கள் அதைக் கறுப்பு ஞாயிறு என்பார்கள்.

ஆம்புலன்ஸ் படகு, தீயணைப்புப் படகு போக அனுமதி கேட்க வேண்டுமா?

சொல்லிவிட்டுப் போவார்கள், அவர்களுக்காகப் பந்தயம் நிற்கும்.

எல்லா ஊரிலும் இதே பாடுதானா?

இல்லை. டெட்ராய்ட்டைப் பாருங்கள். டெட்ராய்ட் ஆறு அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவிலான எல்லை. ஆயிரம் அடி நீளச் சரக்குக் கப்பல்கள் போகும். கேட்டால் மேடிசனைவிடச் சிக்கல் மாதிரி தெரியும். ஆனால் நடுவில் பெல் ஐல் என்ற தீவு இருக்கிறது. பெரிய கப்பல்கள் கனடா பக்கத்து வாய்க்காலில் போகும்; பந்தயம் தீவுக்கும் டெட்ராய்ட் கரைக்கும் இடையிலுள்ள வாய்க்காலில் நடந்தது. கப்பலை நிறுத்தவே வேண்டாம். மேடிசனுக்கு அந்தத் தீவு இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

சியாட்டிலில் ஏரி, அங்கே ஓட்டமும் இல்லை, இறங்கி வரும் பார்ஜும் இல்லை.

இந்தியாவில் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2018 நவம்பரில் எஃப்1எச்2ஓ என்ற விசைப்படகு உலகப் போட்டியின் ஒரு சுற்று அமராவதி பெயரில் கிருஷ்ணா நதியில், விஜயவாடாவில் நடந்தது. பிரகாசம் அணைக்கட்டு தேக்கி வைத்த தண்ணீர் என்பதால் ஓட்டம் குறைவு. ஓஹையோ அளவுக்குச் சரக்குப் போக்குவரத்தும் கிடையாது. படகுகளும் வேறு வகை: ஆறு மீட்டர் நீளத்தில் இரட்டை அடிப்பாகம், பின்னால் மாட்டிய இஞ்சின், மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் நம்ம ஊர் ஆற்றில் வேறொன்று இருக்கிறது. ஓஹையோவில் ஆபத்து பெரியது, கண்ணுக்குத் தெரிவது, ரேடியோ வைத்திருப்பது. நம் ஆறுகளில் அது பரிசல்காரர், வலை போட்டவர், குளிக்க இறங்கியவர், ஆகாயத்தாமரை. இவற்றுக்கு மாலுமிகளுக்கான அறிவிப்பு போதாது. கரை கரையாகப் போய் ஆள் வைத்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு இந்தச் சின்ன ஊர் ஏன் இதை விடாமல் நடத்துகிறது?

1971 என்று சொன்னால் மேடிசனில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். ஊருக்கே சொந்தமான ஒரு படகு, மிஸ் மேடிசன் என்று பெயர், இரண்டாம் உலகப் போர் காலத்து ஆலிசன் விமான இஞ்சினோடு, அந்த ஆண்டு ஜூலை 4 அன்று சொந்த ஊர் ஆற்றிலேயே இந்த விளையாட்டின் பெரிய கோப்பையான கோல்டு கப்பை வென்றது. ஓட்டியவர் ஜிம் மக்கார்மிக். பணக்காரக் கம்பெனிகளின் படகுகளை ஓர் ஊராட்சி படகு தோற்கடித்த கதை. பின்னாளில் சினிமாவாகவும் வந்தது. ஊர்ப் படகு ஊர் ஆற்றில் ஓடாமல் எங்கே ஓடும் என்று கேட்பவர்களிடம் நீங்கள் பார்ஜ் அட்டவணையைக் காட்டி வாதாட முடியாது.

கடைசி ஹீட் முடிந்ததும் ஆறு உடனே திறந்துவிடுமா?

உடனே இல்லை. முதலில் பந்தயப் படகுகள் எல்லாம் தண்ணீரை விட்டு ஏற வேண்டும். கிரேன் ஒவ்வொன்றாகத்தான் தூக்கும். திருப்பங்களைக் காட்டிய மிதவைகளை எடுக்க வேண்டும், அல்லது கப்பல் தடத்தில் இருப்பவற்றையாவது. வேடிக்கை பார்க்க வந்த சிறு படகுகள் ஒரே நேரத்தில் வீடு திரும்பப் பாயும்; நாளின் மிக ஆபத்தான அரைமணி அதுதான், குடித்துவிட்டு ஓட்டுபவர்களும் அதில் இருப்பார்கள். அந்தக் கூட்டம் கலைந்தபின் ரோந்து கமாண்டர் ரேடியோவில் கட்டுப்பாடு முடிந்ததாக அறிவிப்பார். மேலே கரையில் மூக்கைப் பதித்துக் காத்திருந்தவை முதலில் இறங்கும். கீழேயிருந்து ஏற வேண்டியவர்கள் அவை கடக்கும்வரை இன்னும் கொஞ்சம் காத்திருப்பார்கள்.